விண் கூவின காலம்

மார்கழி பிறந்தால் எங்கள் பக்கத்து இரவுகளுக்கு ஒரு சத்தம் வந்து சேரும். உங்களுக்கு நினைவிருக்கும். வல்வெட்டித்துறைக்கும் தொண்டைமானாற்றுக்கும் இடையில் ஏதோ ஒரு ஒழுங்கையில் நீங்களும் பாய் விரித்துப் படுத்தவர்தானே. கடல் ஒரு பக்கம் இரைந்துகொண்டு கிடக்கும். பனையோலை சரசரக்கும். அதற்கெல்லாம் மேலே, எவ்வளவு உயரம் என்று பிடிபடாத ஓர் இடத்திலிருந்து விடாமல் ஒரு கூவல். ஒன்றல்ல, ஏழெட்டு. சிலது தடித்த குரல், சிலது கீச்சுக் குரல். வடலியிலும் வேலிக் கதியாலிலும் கட்டிவிட்ட பட்டங்களின் விண்கள் அவை. நல்ல வாடைக் காற்று விழுந்துவிட்டால் இரவில் பட்டம் இறக்குகிறவன் எங்கள் ஒழுங்கையில் இல்லை.

திண்ணையில் படுத்திருக்கிற ஐயா நித்திரை என்றுதான் நினைப்பேன். திடீரென்று இருட்டுக்குள் குரல் வரும். “தம்பி, எங்கடை கொக்கின்ரை விண் இழுபடுது கேக்குதே? காத்துப் படுக்குது. எழும்பு, இறக்குவம்.” நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னால் போவேன். முற்றத்து மண் காலில் சில்லிடும். மேலே பட்டம் தெரியாது, நட்சத்திரம்தான் தெரியும். கயிற்றைத் தொட்டால் மட்டும் அந்த அதிர்வு விரலுக்குள் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று மேலே உயிரோடு நிற்கிறது என்பதைக் கை சொல்லும், காது சொல்லும்.

அதனால் எனக்கு விண் என்றால் முதலில் சத்தம். நாலாம் வகுப்பில் சொற்பொருள் கேட்ட வாத்தியாருக்கு நான் எழும்பி, “பட்டத்திலை பூட்டுறது சேர்” என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆகாயம் என்று பலகையில் எழுதிவிட்டு, உவன் சொன்னதும் பிழையில்லை என்றார். அந்த மனிதரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

ஐயாவுக்குக் கொழும்பில் தபாற்கந்தோரில் வேலை. மார்கழி லீவுக்கு யாழ்தேவியில் வந்து கொடிகாமத்தில் இறங்கி, பஸ் பிடித்து வீட்டுப் படலையைத் திறக்கும்போது அவர் கையில் ஒரு நீளச் சுருள் இருக்கும். பேப்பரில் சுற்றி, நசுங்காமல் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் மடியில் வைத்துக் கொண்டுவந்த ரிசுப் பேப்பர். சிவப்பு, மஞ்சள், ஊதா, கத்தரிப்பூ. அக்காதான் முதலில் பிரிப்பாள். அந்தத் தாளுக்கு ஒரு மணம் உண்டு, மண்ணெண்ணெயும் புதுச் சட்டையும் கலந்ததுபோல. விரித்தால் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம்.

மூங்கில் மாமாவின் பொறுப்பு. அம்மாவின் தம்பி. படிப்பு அவ்வளவாக ஏறாதவர், ஆனால் ஒரு சிலாகையை விரல் நுனியில் வைத்துப் பார்த்து எந்தப் பக்கம் அரைத் தேங்காய்ப்பூ நிறை கூட என்று சொல்வார். “கொக்குக்கு ரெண்டு செட்டையும் ஒரே நிறை, ஒரே வளைவு. ஒண்டு சோம்பேறியெண்டால் அந்தப் பக்கம் குத்தும்.” உடைந்த போத்தில் ஓட்டால் சிலாகையைச் சுரண்டுவார். வெள்ளைச் சுருள்கள் அவர் மடியில் விழும். கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை துருசு போட்டுப் பசை எடுப்பது அக்கா. எந்தச் சட்டியில் காய்ச்சினாலும் அது ஆச்சிக்கு மிக வேண்டிய சட்டியாகவே இருக்கும். “துருசு போட்ட சட்டியிலை இனி ஆர் கறி வைக்கிறது?” என்று ஆச்சி பேசுவது ஒவ்வொரு வருசமும் நடக்கிற சடங்கு. பேச்சு முடியாமல் பட்டம் ஏறினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கொக்கு, பிராந்து, வௌவால், எட்டு மூலை, பாம்பு என்று எத்தனை பட்டங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் உயிர் முச்சையில். பட்டத்தின் நெஞ்சிலிருந்து வரும் மூன்று நூலும் சேருகிற முடிச்சு. அதைத் தலைப்பக்கம் ஒரு விரற்கடை ஏற்றினால் பட்டம் காற்றில் படுக்கும், இழுவை குறையும். கீழே இறக்கினால் நெஞ்சை நிமிர்த்திக் காற்றை வாங்கும், கயிறு கையை அறுக்கும். விமானம் ஏறுவதும் இறங்குவதும் இதே கணக்கில்தான் என்று பிற்காலத்தில் புத்தகத்தில் படம் போட்டு, கோணம் குறித்து, சூத்திரம் எழுதிப் படித்தேன். படித்தபோது மாமாவின் பெருவிரல்தான் தெரிந்தது. கயிறு அறுத்த வெள்ளைத் தழும்புகள் நாலைந்து அதில் இருந்தன.

விண்ணை மட்டும் ஐயா ஒருவரிடமும் விடமாட்டார். கமுகஞ் சிலாகையில் வில். அதன் இரண்டு நுனியையும் இழுத்துப் பூட்டுவது பனை மட்டையில் உரித்த நார். நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நகம் போல் மெலியும்வரை சுரண்டிச் சுரண்டி எடுப்பார். பிறகு வில்லைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்ப்பார். கோழிகள் கிணற்றடிக்கு ஓடும். குரல் பிடிக்காவிட்டால் மறுபடி சுரண்டல். காற்று நாரில் படும்போது நார் படபடக்கிறது, அந்தப் படபடப்புத்தான் குரல், மெலிந்த நார் கீச்சிடும், தடித்தது உறுமும் என்று என் விரலை நாரில் வைத்துக் காட்டினார். விரல் கூசிற்று. நான் படித்த முதல் பௌதிகப் பாடம் அந்தக் கூச்சம்.

காற்றைப் பற்றிக் கதைத்தால் அப்புவைச் சொல்லாமல் விட முடியாது. அம்மாவின் தகப்பன். பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்தவர். எங்கள் ஊர்க்காரர் காற்றைக் கையில் பிடித்தே வளர்ந்தவர்கள். வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. அப்பு அந்தக் கப்பலில் போகவில்லை. ஆனால் போனவர்களைவிட அதைப் பற்றி அதிகம் கதைப்பார். சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே மூக்கைத் தூக்கிச் சாதாளை மணத்தைப் பிடித்து, “வாடை இனி ரெண்டு நாளைக்கு நிக்கும், பெட்டியை ஏத்துங்கோ” என்பார். நாங்கள் பெட்டிப் பட்டத்தை எடுத்துக்கொண்டு தோட்டவெளிக்கு ஓடுவோம். வெங்காயப் பாத்தியை மிதித்துவிட்டோம் என்று ஆராவது துரத்துவார்கள். அது வேறு கதை.

பெட்டிப் பட்டத்தைக் கண்டுபிடித்தவன் பருத்தித்துறைக்காரன் என்று மாமா அடித்துச் சொல்வார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1969 யூலை 21. அது பட்டக் காலம் இல்லை. சோளகம் புழுதியை வாரி அடிக்கிற காலம். ஐயா என்ன காரணத்துக்கோ லீவில் வந்து நின்றார். காலையில் பக்கத்து வீட்டு றேடியோவைச் சுற்றிச் சனம். தொலைக்காட்சி இலங்கைக்கு வர இன்னும் பத்து வருசம் இருந்தது. சந்திரனில் மனிசன் கால் வைத்தபோது எங்கள் மணிக்கூட்டில் காலை எட்டு இருபத்தாறு. அந்த நேரம் நான் என்ன செய்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அநேகமாகப் புட்டுக்குச் சம்பல் காணாது என்று அழுதிருப்பேன்.

அந்தப் பின்னேரம்தான் மனதில் நிற்கிறது. விளக்கு வைத்தாயிற்று. மேற்கே சரிந்து அரைச் சந்திரன். ஆச்சி முற்றத்தில் நின்று, கையை நெற்றியில் வைத்து, பஸ் வருகுதோ என்று பார்க்கிறதுபோலப் பார்க்கிறார். “எணை தம்பி, அவை இப்பவும் அங்கை நிக்கினமோ?” என்று ஐயாவிடம் கேட்கிறார். ஐயா, “ஓம், அங்கைதான்” என்கிறார். சும்மா ஆச்சிக்காகச் சொன்னது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு கணக்குப் பார்த்தேன். அவர்களின் கலம் சந்திரனைவிட்டுக் கிளம்பியது எங்கள் நேரப்படி அன்றிரவு பதினொன்று இருபத்துநாலுக்கு. ஆச்சி அண்ணாந்து பார்த்த அந்த நேரம் இரண்டு பேரும் உண்மையிலேயே அங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

“அங்கை காத்தில்லை எண்டு சொல்லுகினம். காத்தில்லாமல் எப்பிடிப் போனவை?” இது மாமா. பட்டக்காரன் கேட்க வேண்டிய கேள்வி. ஐயா உடனே பதில் சொல்லவில்லை. சந்நிதித் திருவிழா வந்து, அதில் எனக்கு ஒரு பலூன் வாங்கித் தந்தபோதுதான் பதில் கிடைத்தது. இரண்டு மாமரங்களுக்கிடையில் பட்ட நூலைக் கட்டினார். நூலைப் பப்பாசிக் குழலுக்குள்ளால் விட்டு, ஊதின பலூனைக் குழலோடு ஒட்டினார். வாயைப் பிடித்த பிடி என்னிடம். “விடு.” விட்டேன். சீறிக்கொண்டு ஓடி மற்ற மரத்தில் முட்டி நின்றது. “பட்டத்துக்குக் காத்து வெளியிலை. ரொக்கட்டுக்குத் தள்ளுறது அதின்ரை வயித்துக்குள்ளை. அது பின்னுக்குத் தள்ளத் தள்ளத் தான் முன்னுக்குப் போகுது.” மாமா பலூனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு இருட்டும்வரை அதை ஊதி ஊதி விட்டவர் நான் அல்ல, மாமா.

ஆதர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் இருந்தார் என்பது ஐயாவுக்குச் சொந்தப் பெருமைபோல. மருதானைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் அந்த மனிசனின் நாவல் ஒன்றை வாங்கிவந்தார். 1979-இல் வந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’. எங்கள் தீவைப் போன்ற ஒரு தீவின் மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு ஒரு கயிறு. அதைப் பிடித்து மேலே போகலாம். கதைக்கு வசதியாகக் கிளார்க் தீவையே எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே பூமத்திய ரேகைக்குத் தள்ளிவிட்டார். ஐயா இதையெல்லாம் விறாந்தையில் வைத்துத் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் ஒரு பொருளைச் சுழல விட்டால், பூமி ஒருதரம் சுற்றுகிற நேரத்தில் அதுவும் ஒருதரம் சுற்றும். கீழேயிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோல இருக்கும். அதை 1945-இலேயே எழுதியவரும் இந்தக் கிளார்க்தான்.

மாமா முகம் மாறாமல் கேட்டார், “அவ்வளவு நூல் விட்டிருக்கிறான். முச்சை எவடத்திலை கட்டினவன்?”

ஐயா எழும்பிப் போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, கழுத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றினார். துளி சிந்தவில்லை. காற்றில்லாமலே கயிறு விறைத்து நிற்கிறது பார், சுத்துற வேகம்தான் அதுக்கு முச்சை என்றார். இரண்டாம் தரம் மாமா சுழற்றினபோது செம்பு கழன்று, ஆச்சி காயவைத்த மோர்மிளகாய்ப் பாயில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு அன்றைக்கு விண்வெளி பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

பலாலிக்கு வரும் எயார் சிலோன் அவ்ரோவைக் கண்டால் கையசைப்போம். சத்தம் முதல், பிறகு விமானம். அந்தக் காது பிற்காலத்தில் வேறு பாடம் படித்தது. 1985, 86-இல் எங்கள் ஒழுங்கைப் பெடியள் ஹெலியா பொம்மரா என்பதைப் பார்க்காமலே சொன்னார்கள். பென்சன் எடுத்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்ட ஐயாவும் சொன்னார், நாரைச் சுரண்டிச் சுரண்டிக் குரல் பார்த்த காதல்லவா. வடலியடியில் பங்கர் வெட்டி, தென்னங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டோம். குனிந்து இறங்கும்போது வீட்டு வளையில் செருகியிருந்த மூங்கில் சிலாகைகள் தெரியும். அந்த மார்கழிகளில் எங்கள் ஒழுங்கையில் விண் கூவவில்லை.

1988-இல் சிட்னிக்கு வந்து முதல் சம்பளம் வாங்கியபோது இருபது டொலர்த் தாளில் தாடிக்காரர் ஒருவர் இருந்தார். ஆர் எவர் என்று நான் பார்க்கவில்லை. அந்தத் தாள்களை மாற்றித்தான் ஐயாவுக்குக் காசு அனுப்பினேன். 1996-இல் ஐயா போன சேதி கடிதமாக வந்து சேர்ந்தபோது இங்கே நல்ல வெயில், அங்கே அந்தியேட்டியும் முடிந்திருந்தது.

தாடிக்காரரைப் பற்றி எனக்குச் சொன்னது பேரன். பள்ளிக்கூடத்தில் ஏதோ செய்யச் சொன்னார்கள் என்று என்னைச் சிட்னிக்குத் தெற்கே ஸ்ரான்வெல் பார்க்குக்கு இழுத்துக்கொண்டு போனான். லோறன்ஸ் ஹார்கிறேவ். 1893-இல் பெட்டிப் பட்டத்தைக் கண்டுபிடித்தவர். 1894 நவம்பர் 12-இல் அந்தக் கடற்கரையில் நாலு பெட்டிப் பட்டங்களை ஒரு கயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, கீழே இருக்கை மாட்டி உட்கார்ந்து, நிலத்தைவிட்டுப் பதினாறு அடி எழும்பியிருக்கிறார். கண்டுபிடித்த ஒன்றுக்கும் காப்புரிமை எடுக்கவில்லை. ஐரோப்பாவில் பறந்த முதல் விமானங்கள் சிலவற்றின் செட்டை அவரின் பெட்டிதான். பருத்தித்துறைக்காரன் இல்லை மாமா, மன்னியும்.

ஹார்கிறேவ் தன் மாதிரிகளில் 176-ஐ ஜேர்மனியின் மியூனிக் நூதனசாலைக்குக் கொடுத்தார். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து பெரும்பாலானவை அழிந்துவிட்டன. எஞ்சிய கொஞ்சம் சிட்னிக்குத் திரும்பி வந்தது.

பிறிதொரு விடுமுறையில் மேற்கே பார்க்ஸுக்குப் போனோம். ஆடு மேய்கிற வெளிக்கு நடுவில் அறுபத்துநாலு மீற்றர் அகலத்தில் ஒரு பென்னம்பெரிய சட்டி. அன்றைக்குச் சந்திரனிலிருந்து வந்த படத்தில் பெரும்பங்கை வாங்கி உலகத்துக்குக் கொடுத்தது இதுதான். அதே நேரம் பார்த்து மணிக்கு நூற்றுப்பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்திருக்கிறது. இவ்வளவு பெரிய சட்டியை அந்தக் காற்றில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை நினைத்தபோது, இழுபடுகிற கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிற மாமா ஞாபகத்துக்கு வந்தார். பேரனிடம் ஆச்சி கையை நெற்றியில் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். “அவ மேலை பாத்துக்கொண்டு நிண்டவ, இது அவையின்ரை குரலைக் கேட்டுக்கொண்டு நிண்டது” என்றான். பன்னிரண்டு வயது.

2024 தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சென்னையிலிருந்து சின்ன விமானம், நேரே பலாலி. இறங்கும்போது யன்னலால் பனைகளைப் பார்த்தேன், கீழே கையசைக்க ஒருவரும் நின்றதாகத் தெரியவில்லை. உதயசூரியன் கடற்கரையில் பட்டப் போட்டி. சும்மா சொல்லக்கூடாது, எங்கள் காலத்துப் பட்டங்கள் இவற்றுக்குக் கிட்ட நிற்காது. செட்டை அடிக்கிற பறவை, லைற் பூட்டின விமானம், ஒரு வீட்டளவு உருவங்கள். முச்சை கட்டுகிற ஓர் இளந்தாரியின் பெருவிரலைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். தழும்பு இருந்தது. அன்றிரவு அக்கா வீட்டில் படுத்திருக்கிறேன். நடுச்சாமத்தில் விண் கேட்கிறது. எழும்பி முற்றத்துக்கு வந்தேன். வானம் வெறுமையாகக் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால், கூவினது சுவரில் மாட்டின ஃபான். அக்காவுக்கு இப்போது காது மந்தம். அவள் அசையவில்லை.

போன மாதம் ஸ்ரான்வெல் பார்க்கில் பேரனும் நானும் ஒரு கொக்கு ஏற்றினோம். மூங்கில் தோட்டச் சாமான் கடையில் வாங்கினது. பசை குப்பியில் வருகிறது, காய்ச்சத் தேவையில்லை, அதனால் பேசவும் ஆளில்லை. விண்ணுக்குப் பனை நாருக்கு நான் எங்கே போக? பெட்டி கட்டி வருகிற பிளாஸ்ரிக் நாரை இழுத்துப் பூட்டினோம். ஏறினது. கூவினதுதான். பேரன் கயிற்றில் விரலை வைத்துக் கூசிச் சிரித்தான். ஆனால் அது எங்கள் ஒழுங்கையில் ஆற்றையோ வீட்டு விண்போல இருந்தது, ஐயாவுடையதுபோல இல்லை.

நீங்கள் ஊருக்குப் போகிறவர் என்றால் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கோ. பச்சை மட்டையில் உரித்த பனை நார், ஒரு பாகம் போதும், ஊறப்போடாமல் அப்படியே சுருட்டிக் கொண்டுவாருங்கோ. சிட்னி விமான நிலையத்தில் கேட்பார்கள், ஒளிக்காமல் காட்டுங்கோ. எதற்கு என்று கேட்டால் பட்டத்துக்கு என்று சொல்லுங்கோ.